தாய்மண்: ஒரு ஆர்க்கிட், ஒரு பூஞ்சை, நூத்திச் சொச்சம் வருஷக் கதை

போன மாசம் பெங்களூரில் ஒரு நர்சரியில் ஆர்க்கிட் செடி ஒண்ணு வாங்கினேன். ஊதா நிறப் பூ, அட்டகாசமா இருந்தது. சாயங்காலம் வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். செடி விஷயத்தில் அம்மாவுக்கு என் மேல் எப்பவுமே நம்பிக்கை கிடையாது. (ரெண்டு துளசியைக் கொன்ற பாவி நான்.)

"என்னடா இது, தொட்டியில மண்ணையே காணோம்?"

"கரித்துண்டும் ஓட்டுச் சில்லும்தாம்மா. இதுக்கு மண்ணு வேண்டாமாம்."

"அப்ப இது எதுல முளைச்சுது?"

பதில் தெரியலை. நாலு வருஷ இன்ஜினியரிங்கில் இதெல்லாம் சிலபஸ்லயே கிடையாது. "பார்த்துச் சொல்றேம்மா"னு போனை வெச்சுட்டுத் தேட ஆரம்பித்தேன். ஆரம்பிச்சது ராத்திரி பத்து மணிக்கு. ரெண்டு மணிக்குப் பார்த்தால், இங்கிலாந்தில் ஊர் பேர் வெளியே சொல்லாத ஒரு மலைச்சரிவில் நின்றுகொண்டிருக்கிறேன். (கற்பனையில்தான். விசா எல்லாம் எடுக்கலை.) அம்மாவின் கேள்விக்குப் பதில் அந்தச் சரிவு வழியாகத்தான் போகுது. கொஞ்சம் நீளமான பதில். காபியோ டீயோ கையில் எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

ஒத்தைச் செடி

அந்தச் செடியின் பேர் லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட். தாவரவியல் பேர் சிப்ரிபீடியம் கால்சியோலஸ். மே கடைசி, ஜூன் வாக்கில் பூக்கும். மெரூன் கலர் இதழ்கள் முறுக்கிக்கொண்டு நிற்க, நடுவில் குழந்தைச் செருப்பு மாதிரி மஞ்சளாக ஒரு பை. பைக்குள் தேன் கிடையாது. நிறத்தையும் வாசனையையும் நம்பி உள்ளே இறங்குகிற சின்னத் தேனீ, வந்த வழியே ஏற முடியாமல் பின்பக்கச் சந்து வழியாக நெருக்கியடித்து வெளியேறும்போது அதன் முதுகில் மகரந்தத்தை அப்பிவிடும். சுத்த ஏமாத்து வேலை.

ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல இடங்களில் இது உண்டு. இங்கிலாந்தில் மட்டும் வடக்கே, யார்க்‌ஷயர் மாதிரி சுண்ணாம்புக்கல் பூமிகளில்தான். 1629-லேயே ஜான் பார்க்கின்சன் என்ற மூலிகைக்காரர் தன் தோட்டப் புத்தகத்தில், இங்கில்பரோ மலைப் பக்கம் இது வளர்கிறது என்று எழுதிவிட்டார். அட்ரஸ் கொடுத்ததுதான் வினை. அடுத்த ரெண்டரை நூற்றாண்டுக்கு ஜனங்கள் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். செட்டில் என்கிற ஊர்ச் சந்தையில் கொண்டுவந்து வித்தார்கள். விக்டோரியா ராணி காலத்து ஆர்க்கிட் பைத்தியம் வேற. பணக்காரத் தோட்டம், பள்ளிக்கூடத்து உலர்செடித் தாள், சேகரிப்பாளர் அலமாரி என்று போய்ச் சேர்ந்தது போக, காடு வெட்டினதில் போனது போக, 1917-ல் "இங்கிலாந்தில் இந்தச் செடி அழிந்துவிட்டது" என்று எழுதி மூடிவிட்டார்கள்.

1930-ல் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் ஒரு செடி அகப்பட்டது. ஒரே ஒரு செடி.

இந்தத் தடவை அட்ரஸ் கொடுக்கலை. தெரிந்த நாலைந்து பேர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். அந்த இடம் இன்னைக்கு வரைக்கும் ரகசியம். 1970-ல் இதுக்குன்னே ஒரு கமிட்டி போட்டு, பூக்கிற காலத்தில் காவலுக்கு ஆள் வைத்தார்கள். காவல் என்றால் சும்மா இல்லை. லங்காஷயரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இதே இனத்துச் செடி ஒன்று இருந்தது. 2010-ல் அதுக்குப் போலீஸ் ரோந்தே போட்டார்கள். நம்ம ஊரில் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் கூட இவ்வளவு அக்கறையா நிப்பாங்களான்னு தெரியலை.

சரி, இங்கே ஒரு சாதாரணச் சந்தேகம் வரணும். எனக்கு வந்தது. ஒரு செடி இருக்கு, பூக்குது. மகரந்தத்தைக் கையால் தடவி, காய் பிடிக்க வெச்சு, விதையை எடுத்துத் தூவிவிட்டால் முடிஞ்சுது. அவரைக்காய் போடுற மாதிரி. இதுக்கு எதுக்குய்யா கமிட்டி?

தூசி மாதிரி விதை

பிரச்சனை விதையில்தான் இருக்கு. ஆர்க்கிட் விதையைப் பார்த்திருக்கீங்களா? காயை உடைத்தால் பவுடர் மாதிரி கொட்டும். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில். ஒரு தும்மல் போட்டால் ஒரு தலைமுறையே போச்சு.

டார்வின் இதை உட்கார்ந்து எண்ணியிருக்கார். மனுஷன் எதைத்தான் எண்ணாமல் விட்டார்! 1862-ல் ஆர்க்கிட் மகரந்தச் சேர்க்கை பற்றி எழுதிய புத்தகத்தில் கணக்கு இருக்கு. புள்ளி ஆர்க்கிட் என்கிற சாதாரண இங்கிலீஷ் இனத்தில் காய்க்குச் சுமார் 6,200 விதை, ஒரு செடிக்கு 1,86,000-க்கு மேல். அத்தனையும் முளைத்தால், ஒரே செடியின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் பூமியின் மொத்த நிலப்பரப்பையும் கிட்டத்தட்ட மூடிவிடும் என்று போட்டுப் பார்த்தார். அப்படியெல்லாம் மூடலை. ஏன் மூடலைன்னு அவருக்கு விளங்கலை. 1863-ல் எழுதிய ஒரு கடிதத்தில் மட்டும், கையில் ஆதாரமே இல்லாமல், இந்தச் செடிகள் குழந்தைப் பருவத்தில் பூக்காத வகைத் தாவரங்கள் எதையோ ஒட்டிப் பிழைக்கின்றன என்று உறுதியாக நம்புவதாகச் சொல்லியிருக்கார். பூஞ்சையும் அந்தக் காலத்தில் அந்தக் கணக்கில்தான் சேரும். குருட்டாம்போக்கில் எறிந்த கல். மாங்காய் விழுந்தது முப்பத்தாறு வருஷம் கழித்து.

இதுக்கு முந்தைய காலத்து ஆட்களை நினைச்சால் பாவமா இருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் ஹியரோனிமஸ் போக் என்ற ஜெர்மன் மூலிகை நிபுணர், பறவைகளும் மிருகங்களும் கூடும்போது தரையில் சிந்துவதிலிருந்து ஆர்க்கிட் முளைக்குதுன்னு எழுதினார். சிரிக்காதீங்க. விதையைப் போட்டால் முளைக்காது, போடாத இடத்தில் தானா முளைக்குதுன்னா வேற என்னதான் நினைப்பாங்க?

தோட்டக்காரர்கள் தத்துவம் பேசாமல் பல விதமாகப் போட்டுப் பார்த்தார்கள். 1849-ல் டப்ளின் பக்கத்தில் கிளாஸ்னெவின் தாவரவியல் பூங்காவின் டேவிட் மூர், ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்ததாக எழுதினார். அதிலிருந்து பலரும் பிடித்துக்கொண்ட வித்தை ஒண்ணு உண்டு. விதையைப் புதுத் தொட்டியில் போடாதே, தாய்ச்செடி இருக்கும் தொட்டியிலேயே, அதன் வேர் பக்கமாகத் தூவு. சில சமயம் முளைத்தது, பல சமயம் முளைக்கலை. முளைத்தால் ஏன் முளைத்ததுன்னு யாருக்கும் தெரியாது.

ஃபோன்டென்ப்ளோ காட்டில் ஒரு சிப்பாய்

இப்போ பூஞ்சை உள்ளே வருது. ஆர்க்கிட் வேரை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஒண்ணைக் கவனித்திருந்தார்கள். வேரின் செல்களுக்குள் நூல்கண்டு மாதிரி என்னவோ சுருண்டு கிடக்கும். பூஞ்சை இழைகள். பூசணம் என்றால் நோய்தானே? நம்ம வீட்டில் ஊறுகாய் ஜாடியில் வந்தால் என்ன செய்வோம்? அதே பார்வைதான் அங்கேயும். 1885-ல் ஆல்பெர்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மன்காரர் இதைத் திருப்பிப் போட்டார். ட்ரஃபிள் என்கிற விலை உயர்ந்த நிலத்தடிக் காளானை வளர்க்க முடியுமான்னு பார்க்கச் சொல்லிப் பிரஷ்ய அரசாங்கம் அவரிடம் வேலை கொடுத்திருந்தது. காளான் வளர்ந்ததோ இல்லையோ, மர வேர்களில் பூஞ்சை போர்வை போத்தினாற்போல இருப்பதையும், மரம் சௌக்கியமாகவே இருப்பதையும் பார்த்தார். ரெண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்துதுன்னு சொல்லி 'மைக்கோரைசா' என்று பேர் வைத்தார். பூஞ்சைவேர்னு அர்த்தம். ரொம்பப் பேர் நம்பலை.

1899. நோயெல் பெர்னார், வயசு 25. பாரீஸில் பெரிய படிப்பு படிச்ச பையன், கட்டாய ராணுவ சேவைக்காக மெலன் என்ற ஊரில் சிப்பாயாக இருக்கார். பக்கத்தில் ஃபோன்டென்ப்ளோ காடு. மே 3-ம் தேதி அந்தக் காட்டில் சுத்தும்போது, 'பறவைக்கூடு' என்று பேர் பெற்ற ஒரு ஆர்க்கிட்டின் காய்ந்த பூந்தண்டு, போன வருஷத்தது, சாய்ந்து சருகுக்கடியில் புதைந்து கிடப்பதைப் பார்க்கிறார். யாரா இருந்தாலும் தாண்டிப் போயிருப்போம். இவர் தோண்டி எடுத்துக் காயை உடைத்துப் பார்த்தார். காய்க்குள்ளேயே விதைகள் முளைத்துக் கிடக்குது! ஒண்ணு ரெண்டு இல்லை, கூட்டமாக. முளைத்த ஒவ்வொரு விதையிலும் பூஞ்சை இழை நுழைந்திருக்கு.

அதே மாதம் பாரீஸ் அறிவியல் அகாடமியில் அவர் குறிப்பு வாசிக்கப்பட்டது. குட்டிக் கட்டுரைதான். விஷயம் பெருசு: ஆர்க்கிட் விதை முளைக்கப் பூஞ்சை வேணும். அது நோய் இல்லை, செவிலித்தாய்.

சொன்னால் போதுமா, நிரூபிக்கணுமே. அடுத்த சில வருஷம் இதுதான் அவருக்கு வேலை. வேரிலிருந்து பூஞ்சையைத் தனியே பிரிச்சு, கிருமி நீக்கிய குழாயில் வளர்த்து, சுத்தமான விதையோடு சேர்த்தார். 1903-ல் கைகூடியது. பூஞ்சை சேர்த்த குழாயில் முளைத்தது. சேர்க்காத குழாயில் விதை லேசாக உப்பி அப்படியே நின்றுவிட்டது. எல்லாப் பூஞ்சையும் ஒண்ணு இல்லை என்பதையும் பார்த்தார். ஒரு பூஞ்சை ஒரு இனத்தை வளர்க்கும். இன்னொன்று நுழைந்து கருவையே தின்றுவிடும். மூணாவது ஒண்ணை விதையே உள்ளே விடாது. தாய் ஆகணுமா பேய் ஆகணுமா என்பது நூலிழை வித்தியாசம். அவருடைய கடைசி ஆராய்ச்சியும் அதைப் பற்றித்தான்: ஆர்க்கிட் கிழங்கு தன்னிடமிருந்து ஏதோ ஒரு பொருளைக் கசியவிட்டு, பூஞ்சை அளவுக்கு மீறி வளராமல் கட்டுப்படுத்துகிறது.

அந்தக் கட்டுரை அச்சில் வருவதற்குள் ஆள் போய்விட்டார். காசநோய். 1911 ஜனவரி, வயசு 36. இதைப் படிச்சப்போ மணி ஒண்ணரை இருக்கும். கொஞ்ச நேரம் மானிட்டரைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அவர் அந்தக் காயை உடைச்ச வயசுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் இதுவரைக்கும் குனிஞ்சு எதையும் உடைச்சுப் பார்த்ததில்லை.

உள்ளே என்னதான் நடக்குது?

அவரைக் கொட்டையைப் பிளந்தால் ரெண்டு பருப்பு இருக்கும். குழந்தைக்குக் கட்டிக் கொடுத்த சோத்து மூட்டை. இலை விடும்வரை அதை வெச்சுக் காலம் தள்ளும். ஆர்க்கிட் விதையில் அந்த மூட்டையே கிடையாது. கொஞ்சம் செல்கள், மேலே ஒரு மெல்லிய உறை, அவ்வளவுதான். எடை குறைவு, காத்தில் மைல் கணக்கில் பறக்கலாம். விலை என்னன்னா, இறங்கின இடத்தில் சோறு போட ஆள் வேணும்.

விதை மண்ணில் விழுந்து, பொருத்தமான பூஞ்சை பக்கத்தில் இருந்தால், அதன் இழை விதையின் ஒரு முனை வழியாக நுழையும். செல்லுக்குள் போய்க் கண்டு மாதிரி சுருளும். ஆர்க்கிட் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அந்தச் சுருளைச் செரித்துவிடும். சர்க்கரை, நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் உள்ளே. அதே செல்லில் மறுபடி இழை வரும், மறுபடி சுருளும், மறுபடி செரிக்கும். இப்படியே ஒரு சின்னக் கிழங்கு உருண்டை உருவாகி, வெளிச்சமே பார்க்காமல் மண்ணுக்கடியில் வளரும். நம்ம லேடீஸ் ஸ்லிப்பர் முதல் பச்சை இலையை வெளியே நீட்டவே சில வருஷம் ஆகும். பூக்கப் பத்து வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் மேலே நின்று பார்த்தால் வெறும் தரை.

பெர்னார் பார்த்த பறவைக்கூடு ஆர்க்கிட் இன்னும் ஒரு படி மேலே. அதுக்குப் பச்சையமே கிடையாது. சாகும்வரை பூஞ்சை போடும் சோறுதான். அந்தப் பூஞ்சைக்குச் சர்க்கரை எங்கேயிருந்து வருது? பக்கத்து பீச் மரத்தின் வேரிலிருந்து. மரம் பூஞ்சைக்குக் கொடுக்க, பூஞ்சையிடமிருந்து ஆர்க்கிட் உருவுது. பெர்னாருக்கு இந்த மூணாவது ஆளைப் பற்றித் தெரியாது.

பச்சை இலை விடும் ஆர்க்கிட்டுகள் அவ்வளவு மோசம் இல்லை. 2006-ல் டங்கன் கேமரனும் சகாக்களும் கதிரியக்கக் கார்பனைத் தடயமாக வைத்து, குட்யேரா ரெபென்ஸ் என்ற சின்ன ஆர்க்கிட் தன் இலையில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குத் திருப்பிக் கொடுப்பதைக் காட்டினார்கள். வளர்ந்தப்புறம் வீட்டுக்குப் பணம் அனுப்புற பையன் மாதிரி. (ஐ.டி. மக்களே, புரியுதில்ல?)

சர்க்கரை போதுமே!

இனிமேதான் கதையில் எனக்குப் பிடிச்ச திருப்பம். பெர்னார் காட்டிய வழியில் ஜெர்மனியில் ஹான்ஸ் புர்கெஃப் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இங்கிலாந்தில் சார்ல்ஸ்வொர்த் என்ற ஆர்க்கிட் கம்பெனி பூஞ்சையைச் சேர்த்தே வியாபாரத்துக்கு நாற்று வளர்த்தது. ஆனால் பூஞ்சையைக் கட்டி மேய்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இன்னைக்கு உதவும், நாளைக்குக் கழுத்தை நெரிக்கும்.

1922-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன் வேற கேள்வி கேட்டார். பூஞ்சை என்ன பண்ணுது? மாவுப் பொருளைச் சர்க்கரையாக்கிக் கொடுக்குது. அப்படின்னா அந்தச் சர்க்கரையை நாமே கொடுத்தால் என்ன? கண்ணாடிக் குடுவையில் அகர் ஜெல்லி, கொஞ்சம் உப்புகள், சர்க்கரை. கிருமி நீக்கிய விதையைத் தூவி மூடிவிட்டார். பூஞ்சை இல்லாமலேயே முளைத்தது!

பூஞ்சைக் கட்சிக்காரர்களுக்குக் கோபம். சண்டை நடந்தது. ஆனால் வியாபாரம் சண்டை முடியும்வரை காத்திருக்குமா? மலர்த் தொழில் குடுவைப் பக்கம் சாய்ந்துவிட்டது. 1946-ல் நட்சன் செம்மைப்படுத்தி வெளியிட்ட கலவை 'நட்சன் சி' என்ற பேரில் உலகம் பூரா பரவியது. 1960-ல் ஃபிரான்ஸில் ஜார்ஜ் மொரெல் குருத்துத் திசுவிலிருந்தே நகலெடுக்கும் வழியைக் காட்டினார். ராஜாக்கள் ஏலம் எடுத்த பூ, என்னை மாதிரி ஆள் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் மாட்டிக்கிட்டு வரும் பூவாக ஆனது இப்படித்தான்.

அம்மா கேள்விக்கு முதல் பதில் இதுதான். என் தொட்டிச் செடி எதுல முளைச்சுது? அநேகமா சர்க்கரை ஜெல்லியில். குடுவைப் பிள்ளை. அதோட சொந்தக்காரங்க காட்டில் மரக்கிளையில் தொத்தி வாழ்கிற ரகம். அதனால் கரித்துண்டே போதும், மண் வேண்டாம்.

பூஞ்சை? அது ஆராய்ச்சியாளர்கள் சமாச்சாரமாகிவிட்டது. வியாபாரத்துக்குத் தேவையில்லாத உண்மை, யாரும் பொய்னு சொல்லாமலேயே ஓரமாப் போயிடும்.

மறுபடியும் மலைச்சரிவுக்கு

இப்போ யார்க்‌ஷயருக்குத் திரும்பி வாங்க. 1983-ல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில், செயின்ஸ்பரி தம்பதியர் கொடுத்த பணத்தில், அழிந்துகொண்டிருக்கும் ஆர்க்கிட்டுகளைக் காப்பாற்ற ஒரு திட்டம் தொடங்கியது. அவர்களின் முதல் ஆசை பெர்னார் வழி. வேரிலிருந்து பூஞ்சையைப் பிரித்து, விதையோடு சேர்த்து, ஜோடியாகக் காட்டுக்கு அனுப்புவது. வேற சில ஆர்க்கிட்டுகளில் இது பிரமாதமாகப் பலித்தது.

லேடீஸ் ஸ்லிப்பரில் மட்டும் பலிக்கலை. அதன் விதையை முளைக்க வைக்கிற பூஞ்சை அவர்கள் கைக்குச் சிக்கவே இல்லை. 2005-ல் ரிச்சர்ட் ஷெஃபர்சனும் சகாக்களும் டி.என்.ஏ. வைத்து, இந்தச் செருப்பு ஆர்க்கிட் வகைகள் பெரும்பாலும் டுலாஸ்னெல்லா குடும்பத்துப் பூஞ்சைகளோடுதான் உறவு வைத்திருக்கின்றன என்று காட்டினார்கள். குடையாக முளைத்து நிற்கும் காளான் இல்லை இது. மக்கிய கட்டையில் மெல்லிசான ஒரு படலம். குனிந்து பார்த்தாலும் கண்ணில் படாது. பேர் தெரிஞ்சுக்கிறது வேற, கூப்பிட்ட குரலுக்கு வர வைக்கிறது வேற.

அதனால் கியூ ஆட்களும் கடைசியில் குடுவைக்கே போனார்கள். கைகொடுத்தது யார் தெரியுமா? ஸ்வான்டே மால்ம்கிரென் என்ற ஸ்வீடன் நாட்டு டாக்டர். பொழுதுபோக்காக ஆர்க்கிட் வளர்த்தவர். அமினோ அமிலமும் அன்னாசிப்பழச் சாறும் கலந்த அவர் முறையில், காய் பழுக்கும் முன்னே பச்சையாகப் பறித்து விதையை எடுத்து வளர்த்தால், பூஞ்சை இல்லாமலே இந்த முரட்டு இனம் முளைத்தது. நம்ம மாதிரி ஹாபி கோஷ்டிக்கு ஒரு சின்னப் பெருமை :-)

1989-ல் முதல் நாற்றுகளைக் காட்டில் நட்டார்கள். இங்கேதான் எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. "என் மெஷின்ல நல்லா ஓடுதே"ன்னு ஒரு வசனம் உண்டு. நம்ம கம்ப்யூட்டரில் தேவையான லைப்ரரி எல்லாம் எப்பவோ போட்டு வெச்சிருப்போம், மறந்திருப்போம். புரொடக்‌ஷன் சர்வருக்குப் போனதும் படுத்துக்கும். குடுவையில் சர்க்கரை கிடைத்தது, கிருமி கிடையாது, குளிர் கிடையாது. காட்டில் எல்லாம் தலைகீழ். நத்தைகள் தின்றன. நிறைய நாற்று செத்தது. பிழைத்த செடிகளில் ஒன்று முதல் பூவை விரித்தது 2000-ல். நட்டுப் பதினோரு வருஷம் கழித்து. நம்மாளுங்க பதினோரு வாரத்துல புராஜெக்ட்டை மூடிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பாங்க.

பேப்பரில் வெற்றிதான். ஆனால் யோசிச்சுப் பாருங்க. பூத்தது நட்ட செடி. அதன் விதை அந்த மண்ணில் தானே முளைக்கணும். முளைக்கலைன்னா, ஒவ்வொரு செடியும் தோட்டத்திலிருந்து வந்து இறங்கினதாகவே இருக்கும். காட்டில் வைத்த பூந்தொட்டி. மனுஷன் நட்டுக்கிட்டே இருக்கிறவரைக்கும் இருக்கும், நிறுத்தினால் போயிடும். வேலி போடலாம், ரோந்து போடலாம், கையால் மகரந்தம் தடவலாம். விதையை முளைக்க வைக்கிற வேலையை மட்டும் மண்ணுக்கடியில் இருக்கிற ஆள்தான் செய்யணும். அந்த ஆள் அங்கே இருக்காரா இல்லையான்னு மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. காத்திருந்து பார்க்கணும்.

காத்திருந்தார்கள். 2024-ல் செய்தி வந்தது. யார்க்‌ஷயர் டேல்ஸில், வழக்கம்போல இடம் சொல்லாத ஒரு மூலையில், யாரும் நடாத ஒரு லேடீஸ் ஸ்லிப்பர். தானாக விழுந்த விதை, தானாக முளைத்த செடி. முப்பது வருஷத்துக்கும் மேலான உழைப்பில் இப்படி ஒண்ணு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

ஒரே ஒரு செடிதான். 1930-ல் கிடைத்ததும் ஒத்தைச் செடிதான். ஆனால் ரெண்டும் ஒண்ணு இல்லை. அது வெட்டினது போக மிஞ்சினது. இது புதுசாகப் பிறந்தது. இது இருக்குன்னா அந்தப் பிடி மண்ணில் பூஞ்சை இருக்குன்னு அர்த்தம். பல வருஷமா இருட்டுக்குள்ளே அந்தத் தூசி விதைக்கு அது சோறு போட்டிருக்குன்னு அர்த்தம். அந்த வருஷங்களில் எத்தனையோ பேர் அந்தச் சரிவைத் தேடிப் பார்த்திருப்பார்கள். எல்லார் கண்ணுக்கும் அது வெறும் தரை. ஃபோன்டென்ப்ளோவில் பெர்னார் உடைத்துப் பார்த்தது போலத்தான் இதுவும், நூத்தி இருபத்தஞ்சு வருஷம் கழித்து.

அழிந்துவரும் செடின்னா நாம செடியைத்தான் எண்ணுவோம். எத்தனை பாக்கி, எத்தனை பூத்தது, எத்தனை நட்டோம். டுலாஸ்னெல்லாவுக்கு யாரும் ரோந்து போடலை, கமிட்டி போடலை. போட்டோ எடுத்தாலும் பார்க்க நல்லா இருக்காது. மரத்தை வெட்டி, சருகைக் கூட்டி, மண்ணைக் கெட்டிப்படுத்தினால், பூவைப் பறிக்காமலேயே ஆர்க்கிட்டை ஒழிச்சுடலாம். பூ கொஞ்ச வருஷம் பூத்துக்கிட்டே இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. அதுதான் பயமா இருக்கு.

மறுநாள் அம்மாவுக்கு போன் பண்ணி முழுக் கதையும் சொன்னேன். நட்சன், மால்ம்கிரென் பேரெல்லாம் விட்டுட்டேன். பொறுமையா கேட்டாங்க.

"இதைத்தான்டா நாங்க நாத்து மாத்தும்போது வேரை அலசாதே, தாய்மண்ணோட எடுன்னு சொல்றது. இதுக்குப் போய் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சியா?"

நோயெல் பெர்னார் பன்னிரண்டு வருஷம் செலவழித்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்காகவும் வருத்தப்படுவாங்க.

"சரி, அந்த வெள்ளக்காரன் செடி இப்ப நல்லா இருக்கா?"

"இருக்கும்னு நினைக்கிறேம்மா. எங்க இருக்குன்னே யாருக்கும் சொல்லலை."

"அது போதும். உன் கிட்ட சொல்லாம இருந்தா சரி."

துளசி மேட்டரை அவங்க இன்னும் மறக்கலை.